கரணையும் கருவும்

சென்ற மாதம் ஒரு நாள், அஸருக்குப் பிந்திய பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்துபோன பின்னும் ஒரு மாணவன் மட்டும் வாயிலருகே தயங்கி நின்றான். பத்து வயதிருக்கும். அவனுடைய தந்தை திருத்தணிக்கு அருகே குத்தகை நிலத்தில் கரும்பு பயிரிடுபவர். சில ஆண்டுகளுக்கு முன் கரும்பு ஆட்டும் எந்திரத்தில் வலக்கை விரல்கள் இரண்டைப் பறிகொடுத்தவர். தாய்க்கு இப்போது ஆறாம் மாதம்.

"ஹஜ்ரத், பிறக்கப் போகிற பிள்ளைக்கும் இரண்டு விரல் இருக்காதா? தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அம்மா இரவில் அழுகிறார்கள்" என்றான்.

"அதெல்லாம் ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பிவிட மனம் வரவில்லை. நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. அறிவியல் எனக்குத் தூரத்து உறவு. ஆயினும் தேடிப் படித்தேன். படித்ததை அவனுக்குச் சொன்னது போலவே இங்கும் எழுதுகிறேன்.

தோல், எலும்பு, தசை முதலியவை உடற்செல்களால் ஆனவை. அவை இவ்வுடலோடு முடிந்துபோகும். அடுத்த தலைமுறைக்குச் செல்வன ஆணின் விந்தணுவும் பெண்ணின் முட்டையுமே. இவற்றையும் இவற்றைத் தோற்றுவிக்கும் மூலச் செல்களையும் இனச்செல்கள் என்பர். விரல் போனது உடற்செல்லின் இழப்பு; விரலை உருவாக்கும் குறிப்பு இனச்செல்லுக்குள் பழுதின்றி இருக்கிறது.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆகஸ்ட் வைஸ்மன் என்னும் அறிஞர் 1887இல் சுண்டெலிகளின் வாலை நறுக்கிவிட்டு அவற்றை இனம் பெருகச் செய்தார். ஐந்து தலைமுறைகளில் 901 குட்டிகள் பிறந்தன. வாலின்றிப் பிறந்தது ஒன்றுகூட இல்லை. இதற்காக எலிகளை அவர் இத்தனை பாடு படுத்தியிருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஆண் பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்து வருகிறோம்; அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு மறுபடியும் செய்யத்தானே வேண்டியிருக்கிறது? பெண் பிள்ளைகளுக்குக் காது குத்துகிறோம். துளையுள்ள காதோடு எந்தப் பெண்ணும் பிறந்ததில்லை. எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு வரும் மக்கள் பாட்டன் காலந்தொட்டு மொட்டையடித்துக் கொள்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கும் முடி வளரத்தான் செய்கிறது.

இனச்செல்கள் எப்போது பிரிகின்றன என்பதுதான் பெருவியப்பு. பழ ஈயின் முட்டையில், பின்முனையில் தாய் ஈ ஒரு பொருளை முன்கூட்டியே சேர்த்து வைத்துவிடுகிறது. அதைப் பெறுகின்ற செல்களே இனச்செல்களாகின்றன. எலியிலும் மனிதரிலும் அத்தகைய முன்னேற்பாடு இல்லை. அண்டைச் செல்களின் ஏவலால் ஒரு சிறு கூட்டம் இனச்செல்லாக ஒதுங்குகிறது. கரு உண்டாகி மூன்று நான்கு வாரங்களுக்குள், தான் கருவுற்றிருப்பதைத் தாய் அறிந்தும் அறியாமலும் இருக்கும் நாட்களிலேயே இது நடந்துவிடுகிறது. பிறகு அவை ஊர்ந்து சென்று தமக்குரிய உறுப்பில் குடியேறுகின்றன. கருவிலிருக்கும் பெண் சிசுவுக்கு ஐந்தாம் மாதத்தில் அறுபது எழுபது இலட்சம் முட்டைச் செல்கள் உண்டு. பிறக்கும்போது பத்திருபது இலட்சமாகக் குறையும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை நானூறு ஐந்நூறுதான். ஆக, என் முன்னே நின்ற அம்மாணவன் உருவான முட்டை, அவன் தாய் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே தோன்றிவிட்டது!

இதைக் கேட்டுச் சற்று யோசித்தவன், "கரும்பை வெட்டித்தானே ஹஜ்ரத் நடுகிறோம்?" என்றான். உழவன் மகனல்லவா!

சரியான கேள்வி. தாவரங்கள் இளமையிலேயே இனச்செல்லை ஒதுக்கி வைப்பதில்லை. கரணையிலுள்ள ஒரு பரு, தண்டாகிச் சோகை விட்டு, காலம் வரும்போது அதே குருத்தைப் பூவாகத் திருப்புகிறது. அப்போதுதான் இனச்செல்கள் தோன்றுகின்றன. ஆகவே ஒரு பருவில் நேர்ந்த மாற்றம் அதிலிருந்து வளரும் கரும்பிலும் அதன் விதையிலும் தொடரக்கூடும். நம்மிடம் அடைபட்ட வாசல் தாவரத்தில் திறந்தே கிடக்கிறது.

கரும்பின் இனச்செல் இன்னொரு விந்தையும் செய்தது. கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் ஊர் என்பதால் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்தனர். அதிலிருந்து வந்த கோ 205 இரகம் 1918இல் வெளியிடப்பட்டது. வெள்ளையில் 80 குரோமோசோம்கள், நாணலில் 64. இனச்செல் உருவாகும்போது எண்ணிக்கை பாதியாவதே முறை. நாற்பதும் முப்பத்திரண்டும் சேர்ந்து 72 வர வேண்டும். வந்ததோ 112! தாய்க்கரும்பின் முட்டை பாதியாகாமல் எண்பதையும் முழுதாகக் கொடுத்துவிட்டது. தாயின் இனிப்பு நீர்த்துப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று திருவாலங்காட்டு ஆலைக்கு வண்டி வண்டியாகச் செல்லும் கரும்புகளும் வெள்ளையும் நாணலும் போன்ற இனங்களின் கலப்பில் வந்த வழித்தோன்றல்களே.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் மாணவனின் தந்தையே என்னைத் தேடி வந்தார். வீட்டில் அழுகை நின்றுவிட்டதாம். அவரிடம் நான் வேறொன்றைச் சொன்னேன்: "பாய், விரலைப் பற்றி அஞ்ச வேண்டாம். வெறுங்கையால் மருந்து கலந்து தெளிக்கிறீர்களே, அதற்கு அஞ்சுங்கள்." ஆணின் இனச்செல்கள் வாழ்நாளெல்லாம் பெருகிக்கொண்டே இருப்பவை, ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். உடலில் ஏறும் நஞ்சு அவற்றையும் எட்டலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள், தங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று தமக்குள் பேசிக்கொண்டதிலிருந்து 1977இல் உண்மை வெளிப்பட்டது. அவர்களில் பலருடைய விந்தில் உயிரணுக்கள் குறைந்தோ அற்றோ போயிருந்தன. அம்மருந்து நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் மற்ற மருந்துகளை நாம் எவ்வளவு அலட்சியமாகக் கையாளுகிறோம்!

"கையுறை வாங்கினேன் ஹஜ்ரத். இரண்டு விரல் இல்லாத கைக்கு அது நிற்கவில்லை, காலியான இடத்தில் மருந்து தேங்குகிறது" என்றார்.

அவ்விரண்டு விரல்களையும் உட்புறமாக மடித்து, நூலால் இறுகக் கட்டிக் கொடுத்திருக்கிறாராம் அவர் மனைவி.