உங்கள் அந்தரங்கம் அப்புறம், அதிகாரியின் அந்தரங்கம் உடனே!

கணக்குப் புத்தகத்தில் தொகையை மட்டும் பார்ப்பவன் கத்துக்குட்டி. தேதியையும் பார்ப்பவன்தான் ஆடிட்டர். பணம் என்றைக்கு வந்தது, என்றைக்குப் போனது என்று பார்த்தால், யார் யாருக்கு வேண்டப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். வணிகவியல் படித்த யாருக்கும் இது பால பாடம்.

சட்டங்களையும் இப்படிப் படிக்கலாம். உள்ளே எழுதியிருக்கும் இனிப்பான வாசகங்கள் இருக்கட்டும். எந்தப் பிரிவு எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது என்று பாருங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட்டில். அதற்கான சட்டம், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2023 ஆகஸ்ட்டில். விதிமுறைகள் வெளியானது 2025 நவம்பரில். எட்டு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தோம். சரி, இனியாவது நம் போன் நம்பரை விற்பவர்களுக்குக் கடிவாளம் விழும் என்று நினைத்தீர்களா? அவசரப்படாதீர்கள்.

செயலிகளும் சமூக வலைத்தள நிறுவனங்களும் நம் சம்மதத்தைத் தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். தகவல் கசிந்தால் நம்மிடம் சொல்ல வேண்டும். அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலை எடுக்கப் பெற்றோரிடம் அனுமதி பெற வேண்டும். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால், இவையெல்லாம் 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும் என்றது அரசின் அறிவிக்கை. அதாவது 2027 மே. கம்பெனிகள் தயாராக அவகாசம் வேண்டுமாம்.

ஆனால் சில பிரிவுகளுக்கு ஒரு நாள்கூட அவகாசம் தரவில்லை. அவற்றில் ஒன்று 44(3). கையோடு அமலுக்கு வந்துவிட்டது. அது கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் பிரிவா? இல்லவே இல்லை. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கைவைக்கும் பிரிவு!

பழைய சட்டத்தின் 8(1)(j) நியாயமாகத்தான் இருந்தது. ஒருவரின் தனிப்பட்ட தகவலுக்கும் பொதுப்பணிக்கும் சம்பந்தம் இல்லை என்றால், அதைத் தர மறுக்கலாம். சம்பந்தம் இருந்தால், அல்லது பெரிய பொதுநலன் இருந்தால், தரலாம். கூடவே அழகான ஒரு வரி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரி. எம்.பி.யும் நீங்களும் சமம் என்று சொன்ன வரி அது.

இப்போது அவ்வளவும் காலி. தனிநபர் தகவலா, தர வேண்டியதில்லை. முடிந்தது கதை.

'இதனால எனக்கென்ன?' என்கிறீர்களா? ஊழல் என்பது ஆகாயத்தில் நடப்பதில்லை. ஒரு ஆள் கையெழுத்துப் போடுகிறார், இன்னொரு ஆள் பணம் வாங்குகிறார். இருவருக்கும் பெயர் இருக்கிறது. பெயர் என்பது தனிநபர் தகவல். உங்கள் தெருவில் ரோடு போட்ட கான்ட்ராக்டர் யார், வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்ட இன்ஜினீயர் யார், விதியை மீறிய மாடிக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது யார் என்று பத்து ரூபாய் கட்டிக் கேட்டால், 'அது தனிநபர் தகவல்' என்று ஒரு வரியில் பதில் அனுப்பலாம். பெயரை மறைத்துவிட்டுத் தொகையை மட்டும் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாக்கா வழிக்கிறது?

இந்தச் சட்டம் பிறந்ததே பெயர்ப் பட்டியலில் இருந்துதான். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் அருணா ராய் முதலானோர் நடத்திய மக்கள் விசாரணைகளில், கூலி கொடுத்ததாகச் சொன்ன வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். ஊரில் இல்லாதவர்களும் செத்துப்போனவர்களும் 'வேலை பார்த்திருந்த' கதை அப்படித்தான் வெளியே வந்தது. பெயரை வாசிக்காமல் அது வந்திருக்குமா?

மத்திய அரசின் பதில் ஒன்று உண்டு. 'பிரிவு 8(2) அப்படியேதான் இருக்கிறது. பொதுநலன் அதிகம் என்றால் அதிகாரி தகவலைத் தரலாம்' என்கிறார்கள். தரலாம்! 'லாம்' என்பதில்தான் சூட்சுமமே. யாருடைய குட்டு வெளிப்படுமோ அவருடைய அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பவர் பொதுநலனை எடைபோட்டுச் சொல்வார். நாம் மேல்முறையீடு, ஆணையம் என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டும். விலக்குகள் பெருத்தால் சட்டம் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மாநிலங்களில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடுதான், 1997இல். விலக்குகள் நிறைந்த பல்லில்லாத சட்டமாக அது இருந்தது.

இன்னொரு சட்டத்தின் தேதிகளையும் பாருங்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். நிறைவேறியது 2020 செப்டம்பர். சாப்பாட்டு டெலிவரி, டாக்ஸி செயலிகளில் உழைப்பவர்களை முதன்முதலாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அவர்களின் நலநிதிக்காக நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்றது. மொத்தச் சட்டமும் அமலுக்கு வந்தது எப்போது? 2025 நவம்பர் 21. ஐந்து வருஷம் கழித்து.

ஆனால் இதிலும் ஒரு பிரிவு முந்திக்கொண்டது. 142. பலன் கேட்பவர் ஆதாரைக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவு. 2021 மே மாதமே அமல்! தகவல் திரட்டத்தான் இது, ஆதார் இல்லை என்று யாருக்கும் பலன் மறுக்கப்படாது என்று அப்போது தொழிலாளர் அமைச்சகம் விளக்கம் சொன்னது. நானும் அதையேதான் சொல்கிறேன். தகவல் திரட்டத்தான்.

அந்தப் பிரிவை வைத்து, ஆதாரோடு இணைக்காத ஊழியருக்கு பி.எஃப். கட்ட முடியாது என்று அடுத்த மாதமே உத்தரவு வந்து, பிறகு கெடு நீண்டது. ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருந்தால்தானே இணைக்க முடியும்? இனிஷியல் முன்னால் இருந்தால் ஒரு ஆள், பின்னால் இருந்தால் வேறு ஆள் என்று நினைக்கும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய தமிழர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பிலும் இதே ஓரவஞ்சனை. வங்கிக் கணக்குக்கும் செல்போனுக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றது உச்ச நீதிமன்றம். ரேஷனுக்கும் அரசு மானியத்துக்கும் கட்டாயமாக்கலாம் என்றது. வசதி உள்ளவனுக்கு அந்தரங்கம் கிடைத்தது. அரிசி வாங்குபவள் விரல் ரேகை வைக்க வேண்டும். அந்த அரிசியில் யார் கைவைத்தார் என்று அவள் திருப்பிக் கேட்டால், இப்போது அது தனிநபர் தகவல்!

அந்தரங்க உரிமைக்கு நான் எதிரியல்ல. ஒரு பெண்ணின் மருத்துவக் குறிப்பும் வீட்டு விலாசமும் யார் கைக்கும் போகக் கூடாது. அதைப் பழைய 8(1)(j) தடுத்துக்கொண்டுதான் இருந்தது. புதிதாகப் பாதுகாப்புக் கிடைத்திருப்பது பொதுப் பணத்தில் கைவைப்பவருக்கு மட்டும்தான்.

பழைய வாசகத்தைத் திருப்பிக் கொண்டுவர நாடாளுமன்றத்தில் ஒரு பத்தி போதும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் ஒரு தபால் அட்டையில் கேளுங்கள்: 'உங்களுக்கு மறுக்க முடியாத தகவலை எனக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியை நீக்கினார்களே, உங்களுக்கு அதில் சம்மதம்தானா?' அவர் பதில் தனிநபர் தகவல் அல்ல. வந்தால் ஊருக்கெல்லாம் காட்டுங்கள்.