கெண்ட் நகரில் என் பிரெஞ்சு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரியில், மகளோடு பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்குப் போயிருந்தேன். அந்நாட்டில் பிரெஞ்சும் ஆட்சிமொழிதானே, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கென்ன கவலை என்று ஒரு நினைப்பு. பழைய கோட்டையையும் மணிக்கூண்டையும் சுற்றிவருவதற்குள் குளிர் இரண்டு ஸ்வெட்டரையும் தாண்டி எலும்பைத் தொட்டது. ஒரு கடையில் நுழைந்து பிரெஞ்சில் சூடான சாக்லேட் கேட்டேன். கடைக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

காரணம் இருக்கிறது. அது பிளெமிஷ் மக்களின் ஊர், பேச்சு டச்சு. ஆனாலும் 1830-இல் பெல்ஜியம் தனிநாடான பின், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய நூறாண்டு பிரெஞ்சில்தான் பாடம். போராடிப் போராடி 1930-இல்தான் முழுக்க டச்சு வழிக்கு மாற்றினார்கள். சொந்த ஊரிலேயே தங்கள் மொழிக்கு நூறாண்டு காத்திருந்தவர்கள் அவர்கள்.

அப்போது என் குமாஸ்தா நாட்கள் நினைவுக்கு வந்தன. தமிழில் வந்த மனுக்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதியவன் நான். "என்ன எழுதியிருக்குங்க ஐயா?" என்று அந்தக் காகிதத்தோடு திரும்பி வந்து நின்ற பாட்டிகள் எத்தனை பேர்! படித்துச் சொன்னதைப் பெரிய உதவியாக நினைத்துக்கொண்டேன். தமிழில் எழுதியிருந்தால் அவர்கள் வந்திருக்கவே வேண்டாமே!

பல மொழி கற்பது நல்லது, நானும் கற்றேன். ஆனால் மனு எந்த மொழியில் வருகிறதோ, பதிலும் அந்த மொழியில்தான் போகவேண்டும். இதில் சலுகை எதுவும் இல்லை. அது அவர்கள் உரிமை. இது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது.