நாவின் குற்றமன்று

வகுப்பிலே ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்கின்றார். விடை தெரிந்த பிள்ளை எழுந்து நிற்கின்றது. ஆனால் முதலெழுத்து வாயை விட்டு வெளிவர மறுக்கின்றது. பின்வரிசையில் சிரிப்பொலி எழுகின்றது. "சரி, நீர் இரும்" என்று கூறிவிட்டு ஆசிரியர் அடுத்த பிள்ளையை நோக்குகின்றார். கொன்னையென்றும் திக்குவாயென்றும் நாம் கூறும் குறைபாட்டின் துன்பம் முழுவதும் இக்காட்சியில் அடங்கியுள்ளது.

இதற்குக் காரணம் யாது? நெடுங்காலம் உலகம் நாவையே குற்றஞ்சாட்டி வந்தது. 1841ஆம் ஆண்டில், மயக்க மருந்து வழக்கிற்கு வருமுன்னரே, பேர்லின் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் டீபன்பாக் திக்குவாயரின் நாவில் ஒரு துண்டை வெட்டியெடுத்தார். அக்கொடிய முறை விரைவிலேயே கைவிடப்பட்டது.

பின்னர்ப் பழி பெற்றோர்மீது விழுந்தது. இயல்பான தடுமாற்றத்தைப் பெரியோர் பிழையெனக் கண்டிப்பதே திக்கலை உண்டாக்குகின்றது என்பது அமெரிக்கப் பேராசிரியர் வெண்டெல் ஜோன்சனின் கொள்கை. அவரும் திக்குவாயரே. 1939இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் அவர் வழிகாட்டலிற் பயின்ற மாணவி ஒருவர், அநாதை இல்லமொன்றின் 22 பிள்ளைகளைச் சோதனைக்கு உட்படுத்தினார். நன்றாகப் பேசிய சிலரிடமும் "உன் பேச்சு திக்குகின்றது" என்று திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. அவர்கள் திக்குவாயராகிவிடவில்லை என்பது பிற்கால மீளாய்வின் முடிவு. ஆயினும், அவர்களுட் சிலர் பேசவே அஞ்சி ஒடுங்கினர். 2001இல் அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது.

இன்றைய ஆராய்ச்சி வேறு திசையைக் காட்டுகின்றது. திக்கல் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தோன்றுகின்றது. நூற்றில் ஏறக்குறைய 5 பிள்ளைகளிடம் காணப்படும் இது, பெரும்பாலோரிடம் தானே நீங்கிவிடுகின்றது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவரிடமே எஞ்சுகின்றது. ஆண்களிடமே மிகுதி. குடும்ப வழியாகவும் தொடர்கின்றது. இதனோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை 2010இல் ஆய்வாளர் அறிவித்தனர். பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பு வழிகளிலும் வேறுபாடு காணப்படுகின்றது. பலரோடு சேர்ந்து தேவாரம் பாடும்போது அதே பிள்ளை தடையின்றிப் பாடுகின்றதே, அந்நாவில் குறையேது?

ஆகவே, தாயின் வளர்ப்பையோ பிள்ளையின் கோழைத்தனத்தையோ குறைகூறுதல் நியாயமன்று. அச்சம் இதன் மூலகாரணமன்று. ஆனால் முளைத்ததை வளர்ப்பது அதுவே. அந்த அச்சத்தை ஊட்டுவதும் போக்குவதும் ஆசிரியர் கையிலுள்ளன. பிள்ளையின் சொல்லை நாம் பிடுங்கி முடித்துவைத்தல் வேண்டாம். "ஆறுதலாகப் பேசு" என்ற அறிவுரையும் வேண்டாம். சிரிப்பவரை அடக்கிவிட்டு, விடை முழுவதும் வரும்வரை காத்திருப்போம். அதற்குச் செல்வது அரை நிமிடமே. காத்திராவிடில் அப்பிள்ளை பள்ளிப் பருவம் முழுவதும் வாய் திறவாமலே இருந்துவிடக்கூடும்.