அரிசி முதலில், அல்பம் பிறகா?

2025 டிசம்பர் முதல் வாரம். டித்வா புயல் ஓய்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. களனி கங்கையின் வெள்ளம் வடியத் தொடங்கியிருந்த கொலன்னாவைப் பகுதிக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து நிவாரணப் பணிக்குச் சென்ற இளைஞர் சிலரோடு நானும் போயிருந்தேன். நல்ல பிள்ளைகள். முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டை மண்வெட்டியால் வழித்துத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். மெத்தை, பாடசாலைப் புத்தகங்கள், ஊறிய அரிசி எல்லாம் வீதியோரம் குவிந்தன. அவற்றோடு தடித்த கலியாண அல்பம் ஒன்றும் போய் விழுந்தது. அந்த வீட்டு அம்மா ஓடிவந்தார். "அதை எறியாதீங்கோ தம்பி, அது குப்பை இல்லை" என்றார். "எல்லாம் ஒட்டிப்போச்சு அம்மா, இனி ஒண்டும் செய்யேலாது" என்றான் பிள்ளை.

அவனில் பிழையில்லை. ஒன்றும் செய்ய இயலாது என்பதே நாங்கள் அவனுக்குக் கற்பித்தது. அது உண்மையல்ல என்று சொல்வதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

அதே வாரத்தில் வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் நடந்த நிவாரணக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எழுந்தேன். நனைந்த படங்களைக் கழுவிக் காயவைக்கப் பத்துத் தொண்டர்களைத் தாருங்கள் என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "முதலில் அரிசி, பிறகு அல்பம்" என்றார். சபையில் கைதட்டலும் கிடைத்தது.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாக்கியம் இரண்டு வகையில் தவறானது. முதலாவது, அரிசிக்கும் அல்பத்துக்கும் போட்டியில்லை. லொறியில் மூட்டை ஏற்றும் தோள் வேறு, தண்ணீர்ச் சட்டியில் படத்தைப் பிரிக்கும் விரல் வேறு. மூட்டை தூக்க இயலாத ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் உயர்தர வகுப்பு மாணவிகளும் செய்யக்கூடிய வேலை இது. இரண்டாவது, அரிசியை அடுத்த வாரமும் கொடுக்கலாம். நனைந்த படத்துக்கு அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. எங்கள் வெப்பத்தில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். 'பிறகு' என்பது இங்கு 'வேண்டாம்' என்பதன் மரியாதையான வடிவம்.

படத்தின் பெறுமதியை எனக்குக் கற்பித்தது பல்கலைக்கழகமன்று; பத்திரிகைக் காரியாலயத்தில் மரண அறிவித்தல்களை ஏற்கும் மேசை. இறந்தவரின் படத்தைக் கொண்டுவருவோர் பலர், கலியாணவீட்டுக் குழுப்படத்தில் ஒரு முகத்தைச் சுட்டிக்காட்டி, "இவரை மட்டும் வெட்டி எடுங்கோ, ஆனால் படத்தைப் பழுதாக்காமல் தாங்கோ" என்பார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வந்தவர்களிடம் அந்தக் குழுப்படமும் இருக்கவில்லை. அடையாள அட்டையின் போட்டோப் பிரதியோடு வந்தவர்கள் உண்டு. அதுவும் இல்லாதவர்களுக்கு முகம் இருக்கவேண்டிய கட்டத்தில் குத்துவிளக்கொன்றை அச்சிட்டோம். சிறு குழந்தைகளுக்கு ஏது அடையாள அட்டை? அந்த விளக்குகளை இன்றும் நான் மறக்கவில்லை.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது உடுத்த உடையோடு வெளியேறியவர்களின் பிள்ளைகள் பலருக்குத் தாத்தாவின் முகம் தெரியாது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் மடியில் வைத்திருந்தது என்ன? ஒரு புகைப்படம். என் மகன் இருந்தான் என்பதற்கு அவர்களிடம் இருந்த சாட்சி அது. படம் இழந்தால் என்னாகும் என்பதை உலகில் வேறெவரையும்விட நன்கு அறிந்த இனம் அல்பத்தைக் கண்டு சிரிக்கலாமா?

யப்பானியர் சிரிக்கவில்லை. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பின்னர், இடிபாடுகளில் தேடுதல் நடத்தியவர்கள் கண்ணிற்பட்ட படங்களைத் தனியே எடுத்துவைத்தார்கள். மியாகி மாகாணத்தின் யமமொத்தோ என்ற சிறிய நகரில் மாத்திரம் ஏறத்தாழ 750,000 படங்கள் சேர்ந்தன. தொண்டர்கள் அவற்றைக் கழுவி, இலக்கமிட்டு, உரியவர்கள் வந்து தேடி எடுக்க வழிசெய்தார்கள். வேறோரிடத்தில், நியூயோர்க்கில் படத்திருத்தம் செய்யும் தொழிலிலிருந்த பெக்கி மான்சன் என்ற பெண், மண் அள்ளும் தொண்டராகப் போய்ப் படங்களைக் கண்டு தம் தொழிலையே தொண்டாக்கினார். அவர் இணைந்திருந்த அமைப்பு ஆறு மாதங்களில் 135,000 படங்களைக் கையால் சுத்தம் செய்தது. இணையம் வழியாக உலகெங்கும் 500க்கும் மேற்பட்டோர் படங்களைத் திருத்திக் கொடுத்தார்கள். அவர்களுட் பலர் யப்பானைக் கண்ணாற் கண்டவர்களல்லர்.

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்கக்கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்தால் பெரும்பாலும் அவை தாமாகவே விலகும். படத்தின் முகப்பை விரலால் தேய்க்கக்கூடாது. அங்கே நிறத்தைத் தாங்கி நிற்கும் ஜெலற்றின் படலம் ஈரத்தில் இளகியிருக்கும். வீட்டு அச்சியந்திரத்தில் மைகொண்டு அச்சிட்டவற்றை நீரில் இடக்கூடாது, மை கரையும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக் காய்ந்ததைப் பெயர்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துக் கொள்ளுங்கள். பிரித்தவற்றை வெயிலில் அன்றி நிழலில், வெள்ளைத் தாளின்மீது முகம் மேலாக உலர்த்துங்கள். பத்திரிகைக்காரன் சொல்கின்றேன், பத்திரிகைத் தாளில் மட்டும் வேண்டாம். அச்சு மை ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாளில் முடிக்க இயலாதவற்றைப் பொலித்தீன் பைகளில் இட்டு உறையவைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு உண்டா?

வெள்ளம் படத்தை ஓரத்திலிருந்தே தின்கின்றது. வர்ணப் படத்தில் முதலில் ஓரங்கள் சிவந்து, பின் மஞ்சளாகி, ஈற்றில் வெளிறும். முகங்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பதால் பல படங்களில் அவை தப்பிக்கின்றன. சேற்றைப் பார்த்து அஞ்சி எறிபவர்கள், தப்பிய முகங்களையே எறிகின்றார்கள்.

"இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, ஒரு நொடியில் சரியாக்கலாமே" என்று எழுதும் புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தகப்பனாரின் சிதைந்த படத்தை அப்படியொரு செயலியில் இட்டுப் பளபளப்பாக்கித் தாயாருக்கு அனுப்பினார். தாயார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆர் தம்பி?" என்று கேட்டார். இயந்திரம் அழிந்த முகத்தை மீட்பதில்லை. ஆயிரமாயிரம் அந்நியர் முகங்களிலிருந்து ஒன்றைப் புனைந்து ஒட்டுகின்றது. கீறலை நீக்கவும் நிறத்தைத் திருத்தவும் கணினியைப் பயன்படுத்துங்கள். முகம் போன இடத்தை வெறுமையாகவே விடுங்கள், அல்லது அதே மனிதரின் வேறொரு படத்தைத் தேடுங்கள்.

தேடினால் கிடைக்கும். கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று எதற்கும் படங்களின் இரண்டாம் பிரதியை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் தபாலில் அனுப்பிய சமூகம் நாங்கள். இங்கு சேற்றில் போனதன் இரட்டை அங்கு உங்கள் அலுமாரியில் கிடக்கலாம். நிவாரணத்துக்குக் காசு அனுப்பினீர்கள், நன்றி. இனி அந்த அலுமாரியையும் திறவுங்கள்.

ஆனால் அலுமாரி இல்லாதவர்களும் இருக்கின்றார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் அறைகள் மண்ணுள் போயின. 2025 நவம்பரில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் மாண்ட பேரிடர் அது. தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு ரொறன்ரோவில் மாமா இருப்பது அரிது. சுவரில் தொங்கிய ஒரே படந்தான் அவர்களின் முழு அல்பம். எங்கள் பரிவு கொழும்பு 6ஐயும் 13ஐயும் தாண்டாவிட்டால் அதனைத் தொண்டு என்று அழைப்பதில் அர்த்தமில்லை.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கின்றேன். அடுத்த வெள்ளம் வருமுன், நிவாரணத்துக்குச் செல்லும் ஒவ்வொரு குழுவும் மண்வெட்டியோடு ஒரு கூடையையும் கொண்டுபோகட்டும். படம் என்று கண்டது எதுவும், வீட்டுக்காரர் பெயரெழுதி அந்தக் கூடைக்குள் போகட்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒவ்வோர் அறையைக் கழுவுவதற்கென ஒதுக்கி, தூரிகையாலும் பென்சிலாலும் படம் திருத்திப் பழகிய பழைய ஸ்ரூடியோக்காரர்களை அழைத்து மாணவர்களுக்குப் பழக்குங்கள். அந்தக் கைகள் இன்னும் நெடுநாள் இரா. மூன்றாவது, வெளிநாட்டிலுள்ளோர் கணினித் திருத்தத்தைப் பொறுப்பேற்கட்டும்.

கொலன்னாவையில் அந்த அல்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தோய்த்து வைத்த சட்டியில் மூன்று நாளாக நீர் மாற்றினேன். 62 படங்களில் 41 தப்பின. தாலிகட்டும் படம் தப்பவில்லை. ஆனால் மணமகளின் பின்னால், இப்போது உயிரோடில்லாத அவரது தகப்பனார் கைகட்டி நிற்கும் படம் தப்பியது. அதைக் கையில் கொடுத்தபோது அந்த அம்மா அரிசியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.