பழைய டிஷ் பெட்டி: அப்டேட் போதுமா, மாற்றணுமா?

ஜவ்வாது மலையில் கேபிள் எட்டாத ஊர்களுக்கு டிஷ்தான் டிவி. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி, இன்று டிடி ஃப்ரீ டிஷ் ஆகியிருக்கும் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் பழைய பெட்டியில் சில சேனல்கள் வருவதில்லை. சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் வந்துவிடுமா?

வராது. பழைய பெட்டியில் இருப்பது எம்பெக்-2 சிப். அந்தச் சேனல்கள் வருவதோ எம்பெக்-4 முறையில். அதே அலைவரிசையில் கூடுதல் சேனல்களை அடைக்கலாம் என்பதுதான் இதன் லாபம். அப்டேட் சேனல் பட்டியலை மாற்றலாம், சிப்பை மாற்ற முடியாது.

அதற்காக, "முழு செட்டையும் மாத்தணும்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்ட வேண்டாம். தட்டு, எல்என்பி, வயர் நன்றாக இருந்தால் பெட்டியை மட்டும் எம்பெக்-4 ஆக வாங்கினால் போதும். பழைய எம்பெக்-2 சேனல்களும் அதில் வரும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். பெட்டி ரிப்பேர் ஆகவில்லை. ஒளிபரப்பு முறைதான் மாறியது. அந்தச் செலவு முழுவதும் கூலிக்குப் போகிற குடும்பத்தின் தலையிலா விழ வேண்டும்? பழைய பெட்டியைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்று, மலைக் கிராமங்களுக்காவது அரசு செய்யலாமே!