முகத்தை விட்டுவிடு, தறியைப் போடு

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

கைவேலை என்றால் எல்லாரும் கையைத்தான் புகழ்கிறோம். கை தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் நடக்கும் வேலையை யாரும் கண்டுகொள்வதில்லை. இப்போது அதைச் செல்போனிடம் கொடுத்துவிட்டோம். மயில் என்று தேடினால் ஆயிரம் மயில் வருகிறது. ஒன்றைப் பிரின்ட் எடுத்து, அதன்மேல் நூலையோ கம்பளியையோ வைத்து முடித்து, "நானே செய்தது" என்று சுவரில் மாட்டுகிறோம். அதில் பாதிதான் நாம் செய்தது என்பது என் கருத்து. ருசியான பாதியை யாரோ முன்பே சாப்பிட்டுவிட்டார்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது மெல்போர்னில் இருக்கிறாள். அவள் வீட்டில் பட்டுத்தறி. அப்பா போன பிறகும் அவள் அம்மா தறியை விடவில்லை. போன வருடம் அம்மாவும் போய்விட்டார். வீட்டை விற்றாயிற்று, தறியைப் பிரித்து விறகாகவும் சாமானாகவும் கொடுத்தாயிற்று. அங்கே அவள் வாரக்கடைசியில் கம்பளியில் ஃபெல்ட் செய்யக் கற்றுக்கொள்கிறாள். அம்மா நினைவாகச் சுவரில் மாட்ட ஒன்று செய்ய வேண்டும், கம்பளியும் வாங்கியாயிற்று, விலை அதிகம் டீச்சர் என்றாள். அம்மாவின் போட்டோவையும், அதை அவள் மகன் கம்ப்யூட்டரில் கோட்டோவியமாக மாற்றியதையும் அனுப்பி, "இதை அப்படியே போட்டுவிடலாமா?" என்று கேட்டாள்.

போடாதே கண்ணு என்று சொன்னேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் பள்ளிக்கூட பிராஜெக்ட்டுக்கு வாங்கும் ஃபெல்ட் தாள் பெரும்பாலும் செயற்கை இழை. உண்மையான ஃபெல்ட் செம்மறியின் கம்பளியில் செய்வது. (நம் மேச்சேரி ஆட்டை இதற்குக் கூப்பிட முடியாது. அதன் மேலிருப்பது குட்டை முடி, கம்பளி இல்லை.) கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. மெல்லிய அடுக்காக நீளவாக்கில் ஒன்று, அதன்மேல் குறுக்குவாக்கில் ஒன்று என்று பரப்பி, சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து, பாயில் சுருட்டி உருட்டினால் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது. தறி வேண்டாம், ஊசி வேண்டாம். காஷ்மீரத்திலும் ராஜஸ்தானத்து டோங்க் ஊரிலும் நம்தா என்ற விரிப்பை இப்படித்தான் செய்கிறார்கள்.

பிரிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். தையலில் தப்பு விழுந்தால் பிரித்துவிடலாம். கோலத்தில் என்றால் துடைத்துவிடலாம். இதில் எல்லா யோசனையும் தண்ணீர் படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் யோசனை, அது சுருங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்பளியைப் பொறுத்துக் கூடவும் செய்யும். சுவரில் 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும் என்றால், 90க்கு 135 பரப்ப வேண்டும். ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட விகிதக் கணக்குத்தான். முதலில் 30 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று செய்து பார். 20 ஆனால் ஒன்றரை மடங்கு, 18 ஆனால் அதற்கேற்ப. படமும் சேர்ந்து சுருங்கும். ஒரே திசையில் அதிகம் உருட்டினால் அந்தத் திசையில் அதிகம் சுருங்கி, நீ வைத்த வட்டம் நாமக்கல் முட்டை ஆகிவிடும்.

இரண்டாவது, மெல்லிய கோடு நிற்காது. ஈரத்தில் இழை நகரும். மலை நகர்ந்தால் மலைதான், யாருக்கும் தெரியாது. கண் ஒரு கடுகளவு நகர்ந்தால் அது வேறு யாரோ ஒரு அம்மா. ஒரு மாதம் உழைத்து, ஏகப்பட்ட பணம் போட்டு, சுவரில் தினமும் பார்ப்பது அந்த வேறு யாரோ என்றால் மனசு என்ன பாடுபடும்!

ஃபெல்ட்டில் மனித உருவமே வராது என்று சொல்லவில்லை. சைபீரியாவின் பசிரிக் புதைமேட்டில் 1949இல் ருடென்கோ என்ற ரஷ்ய அறிஞர் தோண்டி எடுத்த தொங்கல் இன்றும் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் பனியில் உறைந்து கிடந்தது. சுமார் 4.5 மீட்டருக்கு 6.5 மீட்டர். குதிரைக்காரன் ஒருவன், அவனுக்கு எதிரே அமர்ந்திருக்கும் ஒரு தெய்வம். ஆனால் அதைச் செய்தவர்கள் முகத்தை ஈரத்தில் விடவில்லை. தனியாகச் செய்த வண்ண ஃபெல்ட்டை வெட்டி மேலே தைத்தார்கள், முகங்களையும் பக்கவாட்டில்தான் வைத்தார்கள். கிர்கிஸ்தானிலும் இரண்டு வழி உண்டு. அலா-கியிஸில் வண்ணக் கம்பளியைப் பரப்பி அழுத்துவார்கள், ஓரம் கலங்கி நிற்கும். ஷிர்டாக்கில் இரண்டு வண்ண ஃபெல்ட்டைச் சேர்த்து வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தித் தைப்பார்கள், ஓரம் கத்தி போல இருக்கும். யுனெஸ்கோ 2012இல் இரண்டையும் உடனடியாகக் காக்க வேண்டிய கலைகள் பட்டியலில் சேர்த்தது. கலங்கிய ஓரமா, கூரான ஓரமா என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் படத்தையே வரைய வேண்டும். நாமோ படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் கம்பளியோடு சண்டை போடுகிறோம்.

விட்டுவிடுவதைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பெயரைத் தோளில் சுமந்த ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆர்.கே. லக்ஷ்மணின் முதல் எழுத்து நம் ராசிபுரம்தான், அண்ணன் ஆர்.கே. நாராயணுக்கும் அப்படியே. பிறந்து வளர்ந்தது மைசூரில். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் காக்கை என்றால் உயிர். அவர் வரைந்த காக்கைகளைப் பாருங்கள். இறகை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தவர் இல்லை. கழுத்துச் சாய்வு ஒன்று போதும், அது நம் வீட்டுச் சுவரில் வந்து உட்காரும் காக்கையாகிவிடும். போட்டோவைக் கம்ப்யூட்டர் கோடாக்கினால் இருப்பதையெல்லாம் கோடாக்கும். எதை விடலாம் என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் அது அந்த அம்மாவோடு இருந்ததில்லை.

அதனால் அந்தப் பெண்ணிடம், போட்டோவை மூடிவைத்துவிட்டு அம்மாவை நினைத்தால் என்னென்ன வருகிறது என்று பத்து எழுதச் சொன்னேன். மறுநாள் பட்டியல் வந்தது. தறிக்குழி. குழிக்குள் மிதியில் ஏறி இறங்கும் பாதங்கள். தறிக்கு மேலே தொங்கிய மஞ்சள் பல்பு. அரக்கு நிறப் பாவு. நாடாச் சத்தம். ரேடியோ. சொம்புத் தண்ணீர். ஜன்னலில் தெரிந்த போதமலை. இப்படி. சத்தத்தைக் கம்பளியில் வைக்க முடியாது. சொம்பும் ரேடியோவும் இடத்தை அடைக்கும். கடைசியில் நின்றது நான்கு: கீழே கருநீலத்தில் குழி, அதற்குள் இரண்டு பாதம், நடுவில் அகலமாக அரக்குப் பட்டை, மேலே ஒரு மஞ்சள் வட்டம். பாதத்துக்கு மட்டும் பாதி இறுகிய ஃபெல்ட்டை வெட்டி வை, ஓரம் கலங்காது என்றேன். மலையை விட அவளுக்கு மனசில்லை. எனக்கும்தான். ஆனால் மலை வந்தால் கண் அங்கே போய்விடும் என்று அவளே சொல்லி எடுத்துவிட்டாள்.

அடுத்தது கடைசி பெஞ்ச் சோதனை. ஆசிரியர் பயிற்சியில் துணைக்கருவி செய்யும்போது, கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாத சார்ட் வீண் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தாளில் வண்ணம் தீட்டி, மாட்டப் போகும் சுவரிலேயே ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அப்போது எது காணாமல் போகிறதோ அது படத்துக்கு வேண்டாம்.

அவள் வீட்டுக்காரருக்கு ஒரு குறை. "முகமே இல்லையே, வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்களே?" கேட்கட்டும். போட்டோவாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கும்பிட்டுவிட்டு நகர்வார்கள். முகம் வேண்டுமானால் போட்டோவைச் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு ஆணி போதும்.

பார்த்துச் செய்வது தப்பா, நம் பெண்கள் காலம்காலமாகப் பார்த்துத்தானே செய்கிறார்கள் என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. நீலகிரியில் தோடர் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதே சிவப்பு கறுப்புப் பூவேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் துணியில் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. நம் மார்கழிக் கோலநோட்டும் அப்படித்தான். பாதிக் கோலம் அடுத்த வீட்டு வாசலில் பார்த்து எழுதியது. ஆனாலும் 15 புள்ளி 8 வரை என்று எழுதிவிட்டு, நம் வாசல் அகலம் என்ன, வண்டி எங்கே நிற்கும் என்று பார்த்துப் புள்ளியைக் குறைத்தவள் அந்த வீட்டுக்காரி. எடுத்தது எங்கிருந்து என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. எடுத்ததைத் தன் வாசலுக்கு அளந்தாளா என்பதுதான் விஷயம்.

பேரன் பேத்திகளின் பிராஜெக்ட்டை ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து செய்யும் அம்மாக்களே, வெட்டுவதையும் ஒட்டுவதையும் வேண்டுமானால் நீங்கள் செய்யுங்கள். தாளில் முதல் கோட்டைப் பிள்ளை போடட்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

கடைசியாகச் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்து இறக்கும் கோலநோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கொடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். பக்கத்து ஓரத்தில் எழுதியிருக்கும் புள்ளிக் கணக்கு தெரியும்படி எடுங்கள்.