ஓட்டுப் பிரசங்கமும் கோடாங்கி உடுக்கையும்

கோடாங்கியிடம் குறி கேட்கப் போகிறவனைப் பார்த்துப் பகுத்தறிவுக்காரர்களாகிய நாம் சிரிக்கின்றோம். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அதே நாம் தேர்தல் காலம் வந்ததும் மைதானத்துக்குப் போய், ஒலிபெருக்கிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் குறி கேட்டுவிட்டு, "என்ன அருமையான பேச்சு!" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகின்றோமே, அதைப் பார்த்து யார் சிரிப்பது என்று கேட்கின்றோம்.

கோடாங்கியின் தொழிலைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அதில் மூன்றே சங்கதிகள் இருப்பது தெரியும். உடுக்கையை அடித்து, கண்ணை உருட்டி, முதலில் அவன் சொல்லுவது, "ஒரு காலத்தில் ஓகோ என்று வாழ்ந்த குடும்பம்" என்பது. இரண்டாவது, "கூட இருக்கிற ஒருத்தனாலேதான் கெட்டது" என்பது. மூன்றாவது, "இன்ன பரிகாரத்தைச் செய், போனதெல்லாம் திரும்பி வரும்" என்பது. தன் குடும்பம் ஒரு காலத்தில் நன்றாக இருந்தது என்று நினைக்காதவன் இந்த நாட்டில் எவனாவது உண்டா? பங்காளியின் மேல் சந்தேகம் இல்லாதவன் உண்டா? ஆகவே கோடாங்கி புதிதாக ஒன்றும் சொல்லுவதில்லை. கேட்க வந்தவன் தன் மனதில் கொண்டுவந்ததையே எடுத்து அவனுக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்குத் தட்சணையும் வாங்கிக்கொள்ளுகிறான்.

இந்த மூன்று சங்கதிகளும் அப்படியே ஓட்டுப் பிரசாரத்தில் இருக்கின்றன என்பதுதான் நாம் சொல்ல வந்தது. இதற்கு நம் நாட்டு உதாரணத்தை முதலில் எடுத்தால், இது நம் கட்சியைச் சொல்லுகிறதா, எதிர்க்கட்சியைச் சொல்லுகிறதா என்று வாசகர் பார்க்கத் தொடங்கிவிடுவார், விஷயம் போய்விடும். ஆகையால் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே 2016ஆம் வருஷம் ஜூன் மாதம் 23ஆம் தேதி, ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். விலக வேண்டும் என்றவர்கள் ஒரு சிவப்புப் பஸ்ஸில் பெரிய எழுத்தில் ஒரு கணக்கை எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். ஐரோப்பிய யூனியனுக்கு நாம் வாரந்தோறும் 35 கோடி பவுண்டு அனுப்புகின்றோம், அதை நம் சர்க்கார் வைத்தியத்துக்குக் கொடுப்போம் என்பது அதன் சாரம்.

இந்தக் கணக்கின் யோக்கியதை என்ன? 2015ஆம் வருஷத்துக் கணக்குப்படி அந்நாடு கட்ட வேண்டியதாகப் போடப்பட்ட தொகை வருஷத்துக்குச் சுமார் 1,780 கோடி பவுண்டு. வாரத்துக்கு வகுத்தால் ஏறக்குறைய 35 கோடி வரும். ஆனால் 1984இல் தாட்சர் அம்மையார் பிரதமராக இருந்தபோது வாதாடி வாங்கிய தள்ளுபடி ஒன்று உண்டு. அது சுமார் 490 கோடி. இந்தத் தொகை நாட்டைவிட்டுப் போவதே இல்லை. பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். அப்படி அனுப்பியது வாரத்துக்குச் சுமார் 25 கோடி. பிறகு குடியானவர்களுக்கு மானியம், பின்தங்கிய பகுதிகளுக்கு உதவி என்று சர்க்கார் வழியாகவே திரும்பி வந்ததையும் கழித்தால் மிஞ்சுவது வாரத்துக்குச் சுமார் 16 கோடி. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் நூறு ரூபாய்த் துண்டை முப்பது ரூபாய் தள்ளுபடி போக எழுபதுக்கு வாங்கிவந்த ஒருவன், "என் கையிலிருந்து நூறு ரூபாய் போய்விட்டதே!" என்று தெருவில் நின்று அழுதால் அவனை என்ன சொல்லுவோம்? அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே, ஓட்டுக்கு முன்னாலேயே, 2016 மே மாதத்தில், இது ஜனங்களைத் தவறான வழியில் கொண்டுபோகும் கணக்கு என்று பகிரங்கமாய்ச் சொல்லிவிட்டது.

அப்படிச் சொன்ன பிறகாவது பஸ் நின்றதா? நிற்கவில்லை. ஏன் என்பதுதான் இதில் முக்கியமானது. அந்தப் பிரசாரத்தை நடத்திய டாமினிக் கம்மிங்ஸ் என்பவர் 2017 ஜனவரியில் தாமே எழுதி வெளியிட்டிருக்கிறார். எதிரிகளை வாதத்துக்கு இழுப்பதற்காகவே அந்தத் தொகையைத் தேர்ந்தெடுத்தோம், அது நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது, அதுவும் வைத்தியசாலையும் இல்லாவிட்டால் ஜெயித்திருக்க மாட்டோம் என்பது அவர் கருத்து. எதிரிகள் என்ன செய்தார்கள்? டெலிவிஷனில் தினந்தோறும் வந்து, "35 கோடி அல்ல, 25 கோடிதான்" என்றார்கள். "25 அல்ல, 16தான்" என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்ட தொழிலாளியின் காதில் விழுந்தது என்ன? வாரந்தோறும் கோடிக்கணக்கில் பணம் போகிறது என்பதுதான். மறுக்க வந்தவர்களையே மேளம் அடிக்க வைத்த சாமர்த்தியம் இது. "அவன் வீட்டில் திருடியது பத்துப் பவுன் அல்ல, நாலு பவுன்தான்" என்று ஒருவனுக்காகப் பரிந்து பேசினால் அவனுக்கு நல்ல பெயரா வரும்?

இந்தக் காரியத்தில் திரும்பத் திரும்பச் சொல்லுவது என்கிற வித்தையும் இருக்கிறது. 1977இல் அமெரிக்காவில் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை சில வாக்கியங்களைச் சொல்லி, எது உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள், மெய்யானாலும் பொய்யானாலும், தடவைக்குத் தடவை அதிக உண்மையாகத் தோன்றின. நம் ஊர்ப் புரோகிதர்களுக்கு இது எந்தச் சோதனையும் இல்லாமலே தெரிந்திருக்கிறது. நூற்றெட்டுத் தடவை ஜெபிக்கச் சொன்னவன் முட்டாள் அல்ல. ஜெபிக்கிறவனைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும். அந்த 35 கோடியை, பொய் என்று ஆயிரம் தடவை அச்சான பிறகும், 2018இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியாரும் இப்சோஸ் மோரி என்ற நிறுவனத்தாரும் விசாரித்தபோது, அதைக் கேள்விப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் உண்மை என்றே சொன்னார்கள்.

கோடாங்கியின் முதல் சங்கதியும் அங்கே இருந்தது. அதிகாரத்தை "மீட்போம்" என்பது அவர்கள் கூப்பாடு. "எடுப்போம்" என்று சொல்லியிருந்தால் எங்கிருந்து, எதற்கு என்று கேள்வி வரும். "மீட்போம்" என்றால், முன்பு நம்மிடம் இருந்தது, யாரோ பறித்தான் என்ற இரண்டும் கேள்வியில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகின்றன. எவ்வளவு அதிகாரம், யாரிடம் இருந்தது, அந்தப் பழைய நாளில் சுரங்கத்துக் கூலிக்காரனிடம் என்ன அதிகாரம் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் நாட்டில் பழைய பொற்காலத்தை மீட்கிறேன் என்று வருகிறவர்களிடம், அந்தப் பொற்காலத்தில் எங்கள் பாட்டன் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று சட்டம் இருந்தது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

இருக்க வேண்டும் என்றவர்கள் மட்டும் அரிச்சந்திரர்களா என்றால் அதுவும் இல்லை. அந்நாட்டு நிதி இலாகா 2016 ஏப்ரலில், விலகினால் 2030இல் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்றது. இது யாருடைய சட்டைப் பையிலிருந்தும் போகிற பணம் அல்ல. நாட்டின் மொத்த வருமானம் பதினைந்து வருஷத்தில் வளரக்கூடிய அளவுக்கு வளராமல் கொஞ்சம் குறைவாக வளரும் என்று கணக்குப் போட்டு, அந்தக் குறைவைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டார்கள். மொத்தத்தை வகுப்பது ஒரு பெரிய வித்தை. இதைப்பற்றிப் பின்னால் சொல்லுகின்றோம். மே மாதத்தில், ஓட்டு விலகலுக்கு விழுந்தால் உடனே தொழில் மந்தம் வரும், ஐந்து லட்சம் பேருக்கு வேலை போகும் என்றும் பயமுறுத்தினார்கள். அந்த இரண்டு வருஷத்துக்குள் அப்படி நடக்கவில்லை. சனிப்பெயர்ச்சி சொல்லுகிறவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சனி வராதபோது ஜோசியன் பேரில் மட்டும் அல்ல, நியாயமாகக் கணக்குப் பார்க்கிறவன் பேரிலும் நம்பிக்கை போய்விடுகிறது. கடைசியில் விலகலுக்கு 51.9 சதவீதம். ஓட்டு வித்தியாசம் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம். 2020 ஜனவரி 31இல் நாடு விலகியும் விட்டது. விலகியது நல்லதா கெட்டதா என்பது இப்போது நம் விசாரணை அல்ல.

நிற்க. சொல்லாமலே சொல்லுவது இன்னொரு ரகம். 1964 செப்டம்பர் 7ஆம் தேதி அமெரிக்காவில் ஜான்சன் கட்சியார் டெலிவிஷனில் ஒரு நிமிஷ விளம்பரம் காட்டினார்கள். ஒரு சிறு பெண் பூவின் இதழ்களை எண்ணிப் பிய்க்கிறாள், பிறகு ஒரு ஆண் குரல் தலைகீழாக எண்ணுகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் அபேட்சகரான கோல்ட்வாட்டரின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. காசு கொடுத்துக் காட்டியது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் அவர் வந்தால் குண்டு விழும் என்று கேட்டவர்களே முடித்துக்கொண்டார்கள். கேட்கிறவன் மனதுக்குள் புதிதாக ஒன்றைப் போடத் தேவையில்லை, உள்ளே இருப்பதைத் தட்டினால் போதும் என்பது அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான டோனி ஷ்வார்ட்ஸின் கொள்கை. உடுக்கை இல்லாத கோடாங்கி என்று இவரைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கின்றோம்.

இனி நம் வீட்டுக்கே வருவோம். 1967 தேர்தலில் நம் நாட்டில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லப்பட்டது. அரிசிப் பஞ்சத்தில் வெந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு அது பாலாக இருந்தது. தி. மு. கழகம் ஜெயித்தது. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட ஆரம்பித்தார்கள்; நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுபோகப் பணம் இடம் கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தைக் கட்டிய கையை நாம் மெச்சத்தான் வேண்டும். காதில் முதலில் விழுவதும் மனதில் நிற்பதும் மூன்று. பிற்பாடு கணக்குக் கேட்டால் எழுதியிருப்பது ஒன்று. லட்சியம், நிச்சயம் என்று இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற இரண்டு படி அரிசி காணாமல் போனது தெரிவதில்லை. நமக்கு வேண்டியவர்கள் கட்டியது என்பதற்காக இதை நாம் சொல்லாமல் விட்டால், சிவப்புப் பஸ்ஸைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நம் நாட்டில் பேச்சோடும் நிற்பதில்லை. காசைக் கையில் கொடுத்து, கற்பூரத்தை அணைக்கச் சொல்லியும், குழந்தை தலையில் அடிக்கச் சொல்லியும் சத்தியம் வாங்குகிறார்கள். 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் புழங்கியதற்காகத் தேர்தலே நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் ஆர். கே. நகரிலும் அப்படியே. தெய்வக் குற்றம் வரும் என்று ஓட்டரைப் பயமுறுத்தினால் அது முறைகேடு என்று 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது. கற்பூரத்தை அணைக்கச் சொல்லுவது அந்தப் பயமுறுத்தல் அல்லாமல் வேறு என்ன? கடவுள் இல்லை என்று தெரிந்தவனுக்கு இந்தக் காசு வெறும் காசு. பயப்படுகிறவனுக்குத்தான் அது விலங்கு.

இவ்வளவும் எழுதுகிற நாம் யார் என்று வாசகர் கேட்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, படிப்பகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்ததை மேடையில் பேசித் திரிகிறவர்கள். 2016 சட்டசபைத் தேர்தலில் ஒரு அபேட்சகருக்காகத் திருச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பேசினோம். மேடை ஏறும்போது ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். இந்த ஊருக்கு ஐந்து வருஷத்தில் வந்த பணத்தைப் பங்கிட்டால் வீட்டுக்கு ஒரு லட்சம் என்று அதில் இருந்தது. "அந்த ஒரு லட்சம் எங்கே?" என்று நாம் குரலை உயர்த்திக் கேட்டோம். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. நமக்கே உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இறங்கி வந்தபோது கீரை விற்கிற ஒரு அம்மாள் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். "ஏன் அய்யா, மொத்தம் எவ்வளவு வந்துச்சு, எத்தனை வீட்டுக்கு வகுத்தீங்க?" என்றார். பரிகாசம் அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நமக்குத் தெரியவில்லை. "சீட்டிலே இருந்தது அம்மா" என்றோம். "சாமியாடி கூட மேலே வந்து சொன்னதுன்னுதான் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. மறுநாள் சீட்டைக் கொடுத்தவரைக் கேட்டோம். அவருக்கு மேலே இருந்தவர் கொடுத்ததாம். ரோட்டுக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்கு வந்தது, இன்னும் வராமல் அறிவிப்பில் மட்டும் இருப்பது எல்லாவற்றையும் ஒன்றாய்க் கூட்டி வகுத்த தொகை என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

அது முதல் நாம் மேடைக்கு ஒரு கரும்பலகை கொண்டுபோகிறோம். ஒரு தொகையைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது, எதைக் கழித்தது, எதால் வகுத்தது என்று எழுதிக் காட்டுகிறோம். பேசி முடித்ததும் கேள்விக்கு அரை மணி விடுகிறோம். இதனால் கூட்டம் பெருகிவிட்டது என்று சொல்லக்கூடுமானால் சந்தோஷமாக இருக்கும். பெருகவில்லை. பலகையைத் துடைக்கும் நேரத்தில் பாதிப் பேர் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். கழித்தல் கணக்குக்குக் கைதட்டுகிறவர் இல்லை. 2021 தேர்தலில் ஒரு ஊர்த் தோழர்கள், "அண்ணே, பலகையை மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்று கெஞ்சினார்கள். நாம் பலகையோடுதான் ஏறினோம். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வேறு ஆளை அழைத்துக்கொண்டார்கள்.